ரங்கண்ணன் வாங்காத படகு

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். ரங்கசாமி அண்ணன் போய்விட்ட செய்தியை அவர் மகன் செந்தில் மில்லுக்குப் போன் செய்து சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "அப்ப இந்த ஞாயித்துக்கிழமை போறதில்லீங்களா?" என்பதுதான்.

செந்தில், "இல்லீங்க, போறதில்லீங்க" என்று என்னைவிடப் பெரிய மனிதராகப் பதில் சொல்லிவிட்டு, எடுக்கப்போகும் நேரத்தையும் சொல்லி வைத்தார். மில்லில் தாமதமாக வருகிறவர்களின் அட்டையில் சிவப்பு மை போடுவது என் உத்தியோகம். அன்று காலை ஷிப்டுக்கு யார் எப்போது வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தொழிலாளர்களுக்கு நான் செய்த ஒரே தர்மம் அது.

உக்கடத்தில் பழைய மோட்டார் வாங்கிய எல்லோருக்கும் ரங்கண்ணனைத் தெரியும். வேறு கடையில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கோயமுத்தூர் வேண்டாம் என்று தள்ளிய மோட்டார், பம்பு, மில் சாமான் எல்லாவற்றையும் வாங்கி, வேண்டும் என்று வந்த ஆளிடம் சேர்த்தவர் அவர். சரக்கு வந்தால் முதலில் விரல் முட்டியால் தட்டுவார். அப்புறம் ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். டாக்டர் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் டாக்டர்கள் நம் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே நர்ஸிடம் பேசுவார்கள். ரங்கண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். கடைசியாக மூக்கைக் கொண்டுபோய் உள்ளே இருக்கும் செம்புக்கம்பிக் காயிலை மோந்து பார்ப்பார். கருகின வாடை அடித்தால், மேலே எத்தனை பச்சைப் பெயிண்ட் பூசியிருந்தாலும் சரக்கு திரும்பிப் போய்விடும்.

ஒரு கோடையில் என் வீட்டுக் கிணற்று மோட்டார் புகைந்து போனது. யாரோ கை காட்டி நான் அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு ஒரு மோட்டாரைக் கொடுத்துவிட்டு, "இது சத்தம் போடுமுங்க. சத்தம் போடற வரைக்கும் கவலை இல்லீங்க. சத்தம் நின்னுதுன்னா ஓடியாங்க" என்றார். இந்த மாதிரி பேசுகிற மனிதரை விடக்கூடாது என்று, அடுத்த தடவை என் நகைச்சுவைக் கட்டுரை வந்திருந்த வார இதழை வெட்கமில்லாமல் கொண்டுபோய் நீட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார். தாளைத் தட்டிப் பார்க்காத குறைதான். "சிரிப்பு வருலீங்க தம்பி. ஆனா எழுத்து சுத்தமா இருக்குது" என்றார். பத்திரிகை ஆசிரியர்கள் பல வருடமாக என்னிடம் சொல்லத் தயங்கிய விஷயம் அது.

இனி கொஞ்சம் வீட்டு விஷயம். உக்கடமே அறிந்ததுதான், நான் ஒன்றும் புதிதாகக் கோள் மூட்டவில்லை. மனைவி சரஸ்வதியம்மா இறந்தபிறகு ரங்கண்ணன் கடையை மகனிடம் விட்டுவிட்டார். மகன் கண்ணாடிக் கதவு போட்டு, புது மோட்டார் ஏஜென்சி எடுத்து, அப்பாவுக்கு ஒரு சுழல் நாற்காலியும் வாங்கி வைத்தார். நல்ல பிள்ளைதான். ஆனால் வாழ்நாள் முழுக்கப் புதுசு தண்டம் என்று சொல்லி வியாபாரம் செய்த மனிதரைப் புதுசுகளுக்கு நடுவில் உட்கார வைத்தால் அவர் என்னதான் செய்வார்? வருகிற வாடிக்கையாளரிடம், "இதைய நீங்க எதுக்கு வாங்கறீங்க?" என்று கேட்டுவிடுவார். அப்புறம் அவரை ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறையான நாளில் மட்டும், வந்து உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நானும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அந்தப் பக்கம் போவேன். என் மனைவி வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வாரம் ஒருமுறை மலையிறங்கி வருவதாக ஏற்பாடு. அது மாதம் ஒருமுறை என்று ஆனது. கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றுகிறது என்றாள். ஏறிப் போனால் எனக்கும் சுற்றும். இரண்டு தலைகளின் நலனை முன்னிட்டு அவரவர் அவரவர் இடத்திலேயே இருந்துகொண்டோம். அது போகட்டும், என் கதை இங்கே எதற்கு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி இறக்கிய ஷட்டருக்குள் உட்கார்ந்து நான் ஏதேதோ புலம்பினேன். நாற்பத்தைந்து தாண்டியும் ஒரு படகில்கூட ஏறியதில்லை என்பது வரைக்கும் போனது என்று ஞாபகம். ரங்கண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ஒரு போட் வாங்கிப்போட்டா என்னுங்க?" என்றார்.

யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தானுங்க. வேற யாருக்கு?"

படகு என்றால் தண்ணீர் வேண்டுமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அன்னூருக்குப் பக்கத்தில் அவருடைய மைத்துனர், சரஸ்வதியம்மாவின் தம்பி, வேலுச்சாமியின் தோட்டத்தில் ஒரு பாறைக்குழி இருந்தது. கல் உடைத்து எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளம். பெய்கிற மழையெல்லாம் அதில் இறங்கிக் கிடக்கும். இரண்டு கல்யாண மண்டபம் அகலம். படகில் ஏறி உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொள்வதற்குள் எதிர்க்கரை வந்துவிடும். ஊரே ஆயிரம் அடிக்குக் குழாய்க்கிணறு போட்டுப் புழுதியை மேலே எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு பேர் படகு தேடிக் கிளம்பினோம்.

வாங்குவது என்று முடிவானதும் புதிதா பழையதா என்ற கேள்வி வந்தது. வேறு யாராக இருந்தாலும் சாதாரணக் கேள்வி. ரங்கண்ணனுக்கு அது தர்மசங்கடம். "பழசு வாங்கறவனுக்குக் கண்ணு தெரியோணுமுங்க. எனக்கு மோட்டாரு தெரியும், போட் தெரியாது. தெரியாத சாமான்ல பழசு வாங்காதீங்கன்னு நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கறேன். அப்பறம் புதுசு வாங்குனேன்னு வெய்யுங்க, எம் பையன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கவலையும் தெரியவில்லை.

முதலில் போனது பாலக்காட்டு ரோட்டில் ஒரு கோழிப்பண்ணைக்கு. மூடிப்போன ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் சாமான்களைப் பண்ணைக்காரர் மொத்தமாக எடுத்திருந்தார். அதில் ஒரு அன்னப்பறவைப் படகும் வந்துவிட்டது. இரண்டு பேர் உட்கார்ந்து காலால் மிதிப்பது. அன்னத்தின் கழுத்து உடைந்து, வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு கோழி அடை கிடந்தது. எங்களை அது வாடகைக்கு வந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தது.

ரங்கண்ணன் குனிந்து, முன்னாலிருந்து பின்னால் வரை முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்று மறுபடி தட்டினார். மோந்தும் பார்த்தார். கோழி வாடையைத் தவிர வேறெதுவும் வந்திருக்க வாய்ப்பில்லை.

"தண்ணியில எறக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"எறக்குலீங்க. மழையில நனைஞ்சிருக்குதுங்க" என்றார் பண்ணைக்காரர்.

நான் மிதியைக் காலால் அழுத்திப் பார்த்து ஒரு பக்கம் இறுகியிருப்பதாகச் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் ஒரு சொட்டு எண்ணெயில் சரியாகிற விஷயம் என்பது எனக்கே தெரியும். ரங்கண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். யோசிச்சுச் சொல்றமுங்க" என்றார். திரும்பும்போது பஸ்ஸில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று பேசிக்கொண்டு வந்தோம்.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மனிதருக்குப் படகு வேண்டியதில்லை, போக ஓர் இடமும் கூட ஓர் ஆளும் வேண்டும். மனைவி போனவர், கடையும் கையை விட்டுப் போனவர். படகு ஒன்று வாங்கியாகிவிட்டால், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுழல் நாற்காலியில் தனியாகச் சுற்றிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆகவே எந்தப் படகின் பேரத்தையும் முடிய விடுவதில்லை என்று நான் தீர்மானம் செய்துகொண்டேன். என் குணத்தில் இரக்கம் அதிகம் என்று அப்போது என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது.

புதுசையும் பார்த்தோம். சூலூர் போகிற வழியில் ஒருவர் பைபர் பட்டறை வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, பள்ளிக்கூடங்களுக்கு வாயைப் பிளந்து நிற்கும் பென்குயின் குப்பைத்தொட்டி ஆகியவை அவர் தயாரிப்புகள். படகு செய்வீர்களா என்றதும், பென்குயினைப் படுக்கப் போட்டால் படகுதானே என்கிற மாதிரி ஒரு தைரியத்தோடு சரி என்றார்.

"தண்ணி உள்ள வராதுங்களா?" என்றார் ரங்கண்ணன்.

"நம்ம தொட்டியில ஊத்துன தண்ணி இன்னிக்கு வரைக்கும் வெளிய போனதில்லீங்கண்ணா. உள்ள இருக்கறது வெளிய போகாதுன்னா, வெளிய இருக்கறது எப்படீங்க உள்ள வரும்?"

ரங்கண்ணன் அந்தப் பதிலை வெகுவாக ரசித்தார். வெளியே வந்ததும், "வாங்கறவனும் புதுசு, செய்யறவனும் புதுசு, போட்டும் புதுசு. மூணுல ஒண்ணாவது பழசா இருக்கோணுமில்லீங்க?" என்றார். அதற்கப்புறமும் அந்தப் பட்டறைக்கு நாங்கள் பலமுறை போனோம். வரைபடம் மாற்றினோம், நிறம் மாற்றினோம், உட்காரும் பலகையை மாற்றினோம். பட்டறைக்காரர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை நீளமாக இருந்திருக்கும்.

கடைசியில் சாமியிடம் விட்டுவிடுவது என்று ஆனது. அன்னூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் பூ கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். நாம் மனசுக்குள் கேள்வியை நினைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பூசாரி ஒரு பொட்டலத்தை எடுப்பார். பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை அந்த ஊரில் பூ கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. படகுக்காகப் பூ கேட்டவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தது. ரங்கண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். "அம்மன் சொல்லிருச்சுங்க" என்றார். ஆமாம், சொல்லிவிட்டது என்றேன். இனி தட்டிக்கழிக்க வழியில்லை. முடிவு வந்துவிட்டதே.

பஸ் நிறுத்தத்தில், "அப்ப நாளைக்கே பட்டறைக்குப் போய்ப் புதுசுக்குச் சொல்லிறலாமுங்க" என்றேன்.

"புதுசுக்கா? வெள்ளை வந்தாப் பழசுன்னு இல்லீங்க நான் நெனச்சேன்?"

வெள்ளை வந்தால் எது என்று முதலில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நான் வெள்ளைக்குப் புதுசு என்றும், அவர் வெள்ளைக்குப் பழசு என்றும் அவரவர் மனசுக்குள் வைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறோம். அம்மனுக்கு இரண்டு விண்ணப்பமும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. திரும்பப் போய்க் கேட்கலாம் என்றேன். ரங்கண்ணன் தலையாட்டி மறுத்துவிட்டார். "கேட்டதையே திருப்பிக் கேட்டா அம்மனுக்குக் கோவம் வந்துருமுங்க. அடுத்த வருசம் கோயில் நோம்பிக்குத்தான் மறுக்காக் கேக்கோணும். அது வரைக்கும் சும்மா பாத்துட்டு இருக்கலாம், தப்பில்லை."

ஒரு வருடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை உத்தரவாதம் ஆனது. பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனார். நானும் நன்றாகத் தூங்கினேன்.

அந்த வருடத்தில் சில தடவை பாறைக்குழிக்கும் போனோம். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டுமல்லவா. வேலுச்சாமி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நாங்கள் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்போம். பச்சையாக, அசையாமல் கிடக்கும் தண்ணீர். பாறைச் சுவரில் பேசினால் குரல் திரும்பி வரும் என்பதால் மெதுவாகப் பேசுவோம்.

"ஊட்டுக்காரம்மா வந்தாங்களா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"இல்லீங்க. பரீட்சை நேரமுங்க."

"போன மாசமும் பரீட்சைதானுங்களே?"

"இப்ப திருத்தற நேரமுங்க."

அதற்குமேல் கேட்கமாட்டார். அது அவர் நாகரிகம். ஒருநாள் மட்டும் தானாகவே சொன்னார்: "ஊட்டுல ஒரு ஆளு கொறைஞ்சாச் சத்தம் கொறையும்னு நெனச்சனுங்க. கொறைலீங்க தம்பி. நான் செருமறது எனக்கே கேக்குது." நான் உடனே ஒரு நகைச்சுவை சொன்னேன். என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை என்பது மறக்கவில்லை. அன்றிரவு என் வீட்டில் நான் செருமிப் பார்த்தேன். உண்மைதான், கேட்கிறது.

அடுத்த நோம்பி வரை அவர் இருக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை என்று செந்தில் சொன்னார்.

சாவு வீட்டில் எனக்கு ஒரு புதுச் சங்கடம் காத்திருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், வருகிற ஒவ்வொருவரையும் யார் என்று விசாரித்து, சொந்தக்காரர்களை ஒரு பக்கமும் கடைவீதி ஆட்களை ஒரு பக்கமும் பிரித்து அமர வைத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"நீங்க எந்தூருங்க?"

"ஒண்டிப்புதூருங்க."

"சொந்தமுங்களா?"

"இல்லீங்க."

"யாவாரத்துல பழக்கமுங்களா?"

"இல்லீங்க. ஞாயித்துக்கிழமை கூடப் போவனுங்க. போட் பாக்க."

பெரியவர் என்னை எந்தப் பக்கத்திலும் சேர்க்காமல், பந்தல் காலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். தண்ணீர் பிடிக்கவும், மாலை வாங்கவும், வண்டிக்குச் சொல்லவும் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. அழலாம் என்று பார்த்தால் அதற்கும் உரிமைப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, போகிறவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, சட்டை போட்டு, பஸ் ஏறிவிட்டேன். பழக்கம். பைபர் பட்டறையில் போய் இறங்கினேன். பட்டறைக்காரர் ஒரு புதுப் பென்குயினுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். "அண்ணன் வருலீங்களா?" என்றார். "வேலையா இருக்காருங்க" என்று சொல்லிவிட்டு, உட்காரும் பலகையின் அளவை மறுபடி ஒருமுறை மாற்றச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பட்டறைக்காரர் இதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்கட்டும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று பார்க்கிறேன். இப்போது நானும் எதை வாங்கினாலும் முட்டியால் தட்டிப் பார்க்கிறேன். பூசணிக்காய், கதவு, பீரோ, ஒருமுறை வங்கியில் மேனேஜருடைய மேஜையைக்கூட. காதில் விழும் சத்தத்தை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்பதை அவர் சொல்லித் தரவில்லை. நான் கேட்கவுமில்லை. தட்டிவிட்டு, பக்கத்தில் ஒருவர் இருப்பது போல, "யோசிச்சுச் சொல்றமுங்க" என்று பன்மையில் சொல்லிவிட்டு வருகிறேன். தனியாக இருந்த ஒரு மனிதருக்கு ஒரு வருடம் துணையாக இருந்தோம் என்ற எண்ணமும் இருக்கிறது. என் கணக்கில் பெருமையாக எழுதிக்கொள்ள அதிகம் இல்லாததால், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இதை எழுதி முடித்தபிறகு, பாறைக்குழி எவ்வளவு ஆழம் என்று போடலாமே என்று தோன்றி, போன வாரம் வேலுச்சாமிக்குப் போன் செய்து கேட்டேன்.

"சரியாத் தெரீலீங்க" என்றார். "மாமா ஒருக்கா போட்ல நடுவால போயிக் கவுத்துல கல்லைக் கட்டி உட்டுப் பாத்தாருங்க. எட்டுலை."

எந்தப் போட் என்று கேட்டேன்.

"மாமா போட்தானுங்க. அக்கா இருக்கறப்பவே மேட்டுப்பாளையத்துப் பக்கம் மீன் புடிக்கறவிங்ககிட்டப் பழசா வாங்குனது. ரெண்டு பேரும்தான் போவாங்க. அக்கா போனதுக்கப்பறம் அவரு அதுல ஏறுலீங்க. போட் இங்கயே இருக்குதுன்னு தெரிஞ்சா அந்தத் தம்பிக்குப் போக்கிடம் இல்லாமப் போயிருமுன்னு சொல்லுவாரு. அதனால நீங்க வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும், காலையில நேரமே சோளத்தட்டைப் போட்டு மூடி வெச்சுருவமுங்க."